சாவு வீட்டுக்கு இலவசம்

கதிரைகள் லொறியில் வந்து இறங்கிய அன்று எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் வேலைக்குப் போகவில்லை. விடியற்காலையிலிருந்தே மழை. மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, எங்களுக்கு வேலையும் கிடையாது. அதனால் குடையும் சாக்குமாக எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீலக் கலர் பிளாஸ்டிக் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ட்டில் என் மகளின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது, அதற்குக் கீழே எங்கள் போன் நம்பர். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு கதிரையாகத் தொட்டுத் தன் பெயரை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனாள். அவளுடைய அப்பா லொறியின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் எரிச்சல். இருப்பது படுக்க ஒரு காம்பராவும் வாசல் பக்கம் ஓர் இஸ்தோப்பும். இஸ்தோப்பு முழுக்கக் கதிரையை அடுக்கிவிட்டால் மனிதர்கள் எங்கே உட்காருவது என்று கேட்டேன். கதிரையில்தான் என்றார்.

அவர் கட்டாரில் பல வருடம் இருந்தவர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கதிரை, மேசை தூக்கி வைக்கிற வேலை. மகள் தவழும்போது போனவர். இடையில் லீவில் வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "போன்ல இருக்கிற அப்பாதான் எங்கப்பா" என்றாள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம், வந்துவிடுங்கள் என்று நான்தான் நச்சரித்தேன். வந்தார். கையில் இருந்ததைப் போட்டுக் கதிரையும், இரண்டு டென்ட்டும், அதற்கான குழாய்களும் வாங்கினார். கொஞ்ச நாள் பார்க்கலாம், ஓடினால் இங்கேயே இருந்துவிடுகிறேன், ஓடாவிட்டால் திரும்பப் போக வேண்டியதுதான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இரத்தினபுரியில் இருந்த ஏஜென்ட் அவரை விடுவதாக இல்லை. மாதம் தவறாமல் போன் எடுத்து, விசா இருக்கிறது, விசா இருக்கிறது என்பார். கதிரை வெளியே போனால் அவர் வீட்டில் இருப்பார். கதிரை வீட்டில் இருந்தால் அவர் வெளியே போய்விடுவார். எனக்குத் தெரிந்த வியாபாரம் இவ்வளவுதான்.

முதல் சில மாதம் ஈ ஓட்டினோம். தோட்டத்தில் கல்யாணம் என்றால் இப்போது குருவிட்ட டவுனில் ஹோல் எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் டவுன் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசிவிடுகிறார்கள். மணவறை, சமையல் பாத்திரம், ஸ்பீக்கர், கதிரை எல்லாம் அவரே கொண்டுவந்து இறக்கிவிடுவார். நாங்கள் நோட்டீஸ் அடித்து பஸ் ஹோல்ட்டில் ஒட்டினோம். ஒட்டிய இரவே மழையில் கரைந்து ஓடிவிட்டது, எங்கள் ஊரில் எந்த நோட்டீசுக்கும் அதுதான் ஆயுள். பேஸ்புக்கில் கதிரைகளின் படத்தைப் போட்டார். கட்டாரில் அவரோடு ஒரே ரூமில் இருந்தவர்கள் மட்டும் லைக் போட்டார்கள். யாரோ ஒருவர் கதிரை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதச் சொன்ன ஏச்சை அவர் எழுதவில்லை.

அந்த நேரத்தில்தான் இரத்தினபுரியில் ஒரு வகுப்பு நடந்தது. குறைந்த செலவில் சிறு வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்று ஒருநாள் பயிற்சி, கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு தருவார்கள். அவர் வெட்கப்பட்டார், அதனால் நான் போனேன். எல்லாம் சிங்களத்தில்தான். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்ன வயது சேர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பேசினார். விளம்பரத்துக்குக் காசு இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், முதலில் சும்மா கொடுங்கள், வாங்கியவர்கள் வாயாலேயே உங்கள் பெயர் பரவும். ஆட்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே உங்கள் பெயர் கண்ணில் பட வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வந்திருந்தவர்கள் எல்லாம் கேக், சவர்க்காரம், யோகட் செய்கிறவர்கள். ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தால் போதும். கதிரையை எப்படிச் சேர் ருசி பார்க்கக் கொடுப்பது என்று எழுந்து கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, உங்கள் ஆட்கள் அதிகமாகக் கூடுகிற இடம் எது என்று யோசியுங்கள் அக்கா என்றார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எங்கள் ஆட்கள் எங்கே கூடுகிறார்கள்? கோயில் திருவிழாவில், அது வருடத்துக்கு ஒரு தடவை. அதை விட்டால் சாவு வீட்டில். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் சாவென்றால் வந்துவிடுவார்கள். ரம்புக்கனைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் மாறி மாறி வந்து சேருவார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் பாவம். முதல் தடவை அவர் செய்தது வியாபாரமே இல்லை. நான் வகுப்புக்குப் போவதற்கு முந்தைய வாரம் மேல் டிவிஷனில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அன்றும் மழை. பெண்கள் உரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தண்ணீர் ஓடுகிற கானோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே சிங்களக் கிராமத்தில் மரண சங்கத்துக்கென்றே கதிரையும் டென்ட்டும் இருக்கின்றன. எங்கள் தோட்டத்துச் சங்கம் சவப்பெட்டிக்குக் காசு கொடுப்பதோடு சரி. ஒரு வயதான அம்மா ஈரத் தரையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, இவர் யாரிடமும் கேட்காமல் கீழே வந்து, இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கதிரைகளைத் தலையில் வைத்து மேட்டுக்கு ஏற்றினார். காரியம் முடிந்து அவர்கள் வாடகை கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் வகுப்பிலிருந்து வந்து, நீங்கள் செய்ததைத்தான் அந்தச் சேரும் சொல்லிக் கொடுத்தார் என்றபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அத அப்புடிச் சொல்லாத புள்ள," என்றார். "அது வேற."

ஆனாலும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார் போல. ஒரு வாரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார். இனிமேல் சாவு வீட்டுக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. டென்ட், கதிரை எல்லாம் இலவசம். எல்லா டிவிஷன் ஆட்களும் பார்ப்பார்கள், பெயர் மனதில் நிற்கும், நல்ல காரியம் வரும்போது நம்மைத்தானே தேடுவார்கள் என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் யாராவது கேட்டால், அதில் எங்கே பிழை என்று உடனே சொல்லத் தெரியாது.

பிறகு அவர் இன்னொன்றையும் கற்றுக்கொண்டார். போனிலேயே கண்ணீர் அஞ்சலி செய்வது. இறந்தவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பெயர், எத்தனை மணிக்குத் தகனம் அல்லது அடக்கம் என்ற விபரம். அடியில் "துயர் பகிரும்" என்று போட்டுக் கடையின் பெயரும் நம்பரும். கடையின் பெயர் என்றால் என் மகளின் பெயர். அதையும் இலவசமாகத்தான் செய்து கொடுத்தார். வெளியே போட்டால் பேனர் கிழியும், நனையும். இது நனையாது. காலையில் ஒரு சாவென்றால் மத்தியானத்துக்குள் எல்லா டிவிஷன் வாட்ஸ்அப் குரூப்பிலும் போய்விடும். கொழும்புக் கடைகளில் நிற்கிற பையன்கள் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் திரும்பி வரும். ஒரு சதம் செலவில்லாமல் இத்தனை பேர் கண்ணில் படுகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சேர் பார்த்திருந்தால் அடுத்த வகுப்பில் எங்களைத்தான் உதாரணம் சொல்லியிருப்பார்.

சாவென்றால் குழி வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டு அடுத்த போன் எங்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. விடிய முன்னம் போன் அடித்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று தெரியும். அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் கதிரையை எண்ணி ஏற்றிக்கொண்டு சத்தம் இல்லாமல் வந்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக யாராவது ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் லைவில் காட்டிக்கொண்டிருப்பார். பிணத்தைத் தூக்குகிற நேரம் எல்லாரும் எழுந்து முன்னால் போய்விடுவார்கள். பின்னால் நின்று படம் எடுக்கிறவரின் போனில் அப்போது தெரிவது வெறும் கதிரைகளின் முதுகுதான். வரிசை வரிசையாக என் மகளின் பெயர்.

ஆரம்பத்தில் அவர் கணக்குப் போட்டது போலவே நடந்தது. மேல் டிவிஷன் பெரியவரின் பேத்தி கல்யாணத்துக்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு காதுகுத்து, ஒரு கோயில் பூசை, கிராமத்தில் பிக்குமாருக்கு ஒரு தானம். லொறிக்காரர் அடிக்கடி வந்து போனார். ஏஜென்ட்டின் போனை இவர் எடுக்காமல் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே மீன் வாங்கி வந்து ஆய்ந்து கொடுப்பார். மகள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு ஹோம்வேர்க் செய்வாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை.

எப்போது குறையத் தொடங்கியது என்று தெரியவில்லை. கல்யாண மாதம் ஒன்று சும்மா போனது. அடுத்ததும் போனது. சாவுக்கு மட்டும் போன் வந்துகொண்டே இருந்தது. கிராமத்து ஆட்களும் தங்கள் சங்கத்துக் கதிரை பற்றாத நாட்களில் துக்க வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்களே தவிர வேறெதற்கும் கூப்பிடவில்லை. அவர் வாடகையைக் குறைத்துப் பார்த்தார். இரண்டு கல்யாணம் கொடுத்தவர்களுக்கு மூன்றாவது பாதி விலை என்று வாட்ஸ்அப்பில் போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னோடு பக்கத்து மலையில் பால் வெட்டுகிற ஓர் அக்கா இருந்தார். அவருடைய மாமனார் சாவுக்கு நாங்கள்தான் டென்ட் அடித்தோம். மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது டவுன் கடையில் பேசிவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மறுநாள் வாளியோடு போய் அவர் முன்னால் நின்று, எங்கள் கதிரைக்கு என்ன குறை என்று கேட்டேன். அவர் பாவம், கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. நீங்க செஞ்ச ஒதவிய நாங்க சாகுற வரைக்கும் மறக்கமாட்டோம். ஆனா பொண்ணக் குடுக்குற வீட்டுல அந்தக் கதிரையப் பாத்தா எம் மாமனாரத் தூக்குன ஞாபகந்தான் வருது. எல்லாருக்கும் அப்புடித்தான் வரும்."

டவுன்காரரின் கதிரையும் சாவு வீட்டுக்குப் போகிறது என்றேன். காலையில் ஒரு துக்க வீட்டிலிருந்து ஏற்றிய கதிரைகளை அவர் மத்தியானம் ஹோல் வாசலில் இறக்குவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் சொன்னேன்.

"போகும்தான்," என்றார் அந்த அக்கா. "அது நமக்குத் தெரியாதுல்ல."

நான் திரும்பி வந்து என் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். உலகத்தில் எந்த வாடகைக் கதிரையில்தான் அழுதவர்கள் உட்காரவில்லை? டவுன்காரருடைய கதிரையில் பெயர் இல்லை, அதனால் அது எல்லா வீட்டுக்கும் புதுசு. எங்களுடையதில் பெயர் இருந்தது. பெயர் மனதில் நிற்க வேண்டும் என்றார் அந்தச் சேர். நன்றாகவே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கதிரைக்குக் கவர் போடலாம் என்றார். வெள்ளைத் துணி எடுத்து, பின்னால் சிவப்பு ரிபன் கட்டுகிற மாதிரி நானே தைத்தேன். துணிக்குள் இருப்பது என்ன கதிரை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சில கதிரைகளில் தின்னர் போட்டுப் பெயரைத் துடைத்துப் பார்த்தார். பெயர் போய் வெள்ளையாக ஒரு தேமல் நின்றது, தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. சாவுக்குப் போவதை நிறுத்துங்கள் என்று சண்டை போட்டேன். சரி சரி என்பார். விடிய முன்னம் போன் அடிக்கும், யாருடையதோ அழுகிற சத்தம் கேட்கும், எழுந்து போய்விடுவார். ஒரு தடவை மட்டும் லொறிக் கூலியையாவது கொடுங்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். பிணத்தை வைத்துக்கொண்டு காசு கேட்கிறான் என்று பொழுது சாய்வதற்குள் மூன்று டிவிஷனிலும் பேச்சு. இலவசமாகக் கொடுத்த இத்தனை சாவில் ஒன்றையாவது யாராவது எடுத்துச் சொன்னார்களா? எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

வகுப்பு எடுத்த சேரின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் பண்ணினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் மனதில் ஒரு பெயர் இப்படிப் பதிந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம், அதைவிடப் பெயரையே மாற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது செலவு குறைவு என்றார். அது என் மகளின் பெயர் சேர் என்றேன். சரி அக்கா என்று வைத்துவிட்டார். பிறகு, பார்க்கச் சொல்லி ஒரு வீடியோ லிங்க் அனுப்பினார்.

மகள் அப்போது குருவிட்டப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் வயிற்று வலி என்றாள். அடுத்த நாள் தலையிடி. மூன்றாவது நாள் நான் அடிக்க ஈர்க்கிலை எடுத்தேன். அழாமல் நின்று சொன்னாள்.

"என்னய மலகெதரன்னு கூப்புடுறாங்கம்மா."

எங்கள் பக்கத்தில் பாதிச் சொல் சிங்களத்தில்தான் வாயில் வரும். மலகெதர என்றால் சாவு வீடு. வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை லீவு போட்டால், இவள் பெயர் போட்டு நோட்டீஸ் வரப்போகிறது என்று சிரிப்பார்களாம். டீச்சர் டாப்பு வாசிக்கும்போது இவள் பெயர் வந்தால் பின்னால் ஒருவன் அழுகிற மாதிரிச் சத்தம் போடுவானாம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். நேரில் கூப்பிடுவது நின்றது. அவருக்கு இதைச் சொல்லவில்லை. அவர் அப்போது இரத்தினபுரிக்குப் போய் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சும்மா கொடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் முடிவு பண்ணவில்லை, வேண்டாமென்றால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார். கொடுத்துவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்த பிறகு பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில், பன்னிரண்டு வயதில், மகள் பெரிய மனுஷியானாள். காம்பராவின் ஒரு மூலையில் என் சேலையைத் திரையாகக் கட்டி அவளை உட்கார வைத்தோம். தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் ஆண்கள் முகத்தில் முழிக்கக் கூடாது, அப்பாவாக இருந்தாலும். அவர் இஸ்தோப்பில் படுத்துக்கொண்டார். ஆனால் ஆளே மாறிவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் விசிலடிப்பதைக் கேட்டேன். சடங்குக்கு எல்லாத் தோட்டத்துக்கும் சொல்ல வேண்டும், ஒருவரையும் விடக் கூடாது என்றார். நமக்கேன் அவ்வளவு பெரிய செலவு என்று கேட்டேன். என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துச் சொன்னார்.

"நம்ம புள்ள சடங்குக்கு நம்ம கதிரையவே போடுறோம். டென்ட், கதிரை எல்லாம் நம்மளோடது. பெத்த அப்பனே தயங்காமப் போட்டுட்டான்னா இனி யாரு என்னா பேசுவா? அத்தன பேரும் வந்து ஒக்காந்து சாப்புட்டுட்டுப் போவாங்க. அதுக்கு மேல என்னா வெளம்பரம் வேணும்? அதுக்கப்புறம் நாலு கல்யாணம் வந்தாப் போதும், நான் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வந்துருவேன்."

நான் அவரை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தது அதுதான் கடைசி. எனக்கும் சரியென்று பட்டது. அன்றைக்கே கதிரைகளையெல்லாம் பீலிக்குத் தூக்கிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். துடைத்து அழித்த கதிரைகளில்கூட ஆளைக் கூப்பிட்டுத் திரும்பப் பெயர் எழுதினார். இந்தத் தடவை மஞ்சள் கலரில்.

சடங்குக்கு இரண்டு நாளுக்கு முன்னால் சாயங்காலம், திரைக்கு வெளியே நின்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மாமா என்ன சீர் கொண்டுவருகிறார், டென்ட் எங்கே அடிக்கிறோம், எத்தனை வரிசை கதிரை. நான் அடுப்படியில் இருந்தேன். திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, அந்தக் கதிரைய மட்டும் போடாதீங்க."

"கவரு போட்டுத்தாம்மா போடுவேன். அம்மா தச்சிருக்காங்க, ஜோரா இருக்கும்."

"அதுல எம் பேரு இருக்குப்பா."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அழவில்லை. என்னிடம் சொன்ன மாதிரியே, சாதாரணமாக, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தபடி நின்றார். விலக்கி அவள் முகத்தைப் பார்க்கக் கூட முடியாது. கையை உயர்த்திச் சேலையைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றார்.

மறுநாள் காலையில் குருவிட்ட டவுன் கடைக்குப் போய்க் கதிரை பேசிவிட்டு வந்தார். கடைக்காரர் இவரைத் தெரிந்தவர்தான். கேலி செய்தாரா என்று கேட்டேன். இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

சடங்கு நல்லபடியாகத்தான் நடந்தது. மழைகூட விட்டிருந்தது. பெயரில்லாத கதிரைகளை அவர்தான் வரிசை பிடித்துப் போட்டார். நூல் பிடித்தது போல இருந்தது. மகள் பட்டுச் சேலை கட்டி வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தாள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். கதிரையைக் கவனிக்காதவர் ஒருவரும் இல்லை, முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. ஆனால் யாரும் கேட்கவில்லை. மேல் டிவிஷனில் இறந்துபோன பெரியவரின் மகன் மட்டும், விகற்பமில்லாத மனிதர், சோறு பிசைந்துகொண்டே கேட்டுவிட்டார், உங்கள் கதிரை எங்கே தம்பி என்று.

"எல்லாம் வெளிய போயிருக்குண்ணே," என்றார் இவர்.

எல்லாம் லயத்துக்குப் பின்னால் றப்பர் ஷீட்டுக்கு அடியில் அடுக்கியிருந்தன. இவர் குனிந்து அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு டவுன்காரரின் கதிரைகளைக் கழுவத் தொடங்கினார். அதை நாங்கள் கழுவிக் கொடுக்க வேண்டியதில்லை. விடுங்கள் என்றேன். விடவில்லை. கடைசிக் கதிரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சண்டை போட வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போவதற்கு முன்னால் கதிரைகளையும் டென்ட்டையும் தோட்டத்து மரண சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். விற்கலாம் என்றார்கள் சிலர். இந்தக் கதிரையை யார் வாங்குவார்கள்? சங்கத்தார் மாலை போட்டுப் படம் எடுத்து குரூப்பில் போட்டார்கள். பெயரை அழிக்க அவர்களுக்கு நேரமில்லை, தேவையும் இல்லை.

அவர் போய் ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. வழக்கம் போல வீடியோ கோலில் பேசிவிட்டு வைத்தார். அங்கே வெயில், சாப்பாடு பரவாயில்லை, மண்டபம் அதேதான், சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றார். மகள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"கதிரையப் போட்டுக்கங்கன்னு நான் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல?"

 அப்படியெல்லாம் இல்லை என்றேன். இது உன்னால் வந்ததே இல்லை, நீ பெரியவளாவதற்கு முந்தியே அப்பா பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார், வேண்டுமானால் ஏஜென்ட்டையே கேட்டுப் பார் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவ்வளவும் உண்மைதான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை பேசுவதைப் பெரியவர்கள் கேட்பார்களே அது மாதிரி.

"பாஸ்போர்ட்டத் திருப்பி வாங்கிக்கலாம்னு அப்பா சொன்னது எனக்குத் திரைக்குள்ள கேட்டுச்சும்மா," என்றாள். "பீலியடியில இருந்து வந்தும் ஒங்கக்கிட்ட அதையேதான் பேசிக்கிட்டு இருந்தாரு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் நான் வேணாம்னு சொன்னேன்."